குதிரைகளின் தண்ணீர்த் தொட்டி உறைகிறது: என்ன வழி?

சேணம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என்னிடம் மூன்று குதிரைகள் இருக்கின்றன. தொட்டிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 200 லிட்டர். ஒன்று லாயத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே மின்சாரம் உண்டு. இன்னொன்று மேய்ச்சல் வெளியின் மறுகோடியில். அங்கே கம்பியும் இல்லை, குழாயும் இல்லை.

இரவில் −15 டிகிரி வரை இறங்குகிறது. காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு தொட்டிகளும் கல்லாகிக் கிடக்கின்றன. கோடரியால் உடைத்து வெந்நீர் ஊற்றிவிட்டு வந்தால், மதியத்திற்குள் மறுபடியும் ஏடு கட்டிவிடுகிறது. மூன்றில் மூத்தது 24 வயதுக் குதிரை. அது குடிப்பது குறைந்திருப்பதாகத் தெரிகிறது.

உப்பு நீர் நிரப்பிய பாட்டிலைத் தொட்டியில் மிதக்கவிட்டால் உறையாது என்று பல இடங்களில் படித்தேன். உண்மையா? வேறு என்ன செய்யலாம்?

தச்சுக்கை

பாட்டில் கதையை முதலில் முடித்துவிடுவோம். செறிந்த உப்புக் கரைசல் −21 டிகிரி வரை உறையாது. ஆகவே பாட்டிலுக்குள் இருப்பது உறையாது. அது மட்டும்தான் உண்மை. பாட்டில் தன்னைச் சுற்றியுள்ள நீருக்கு ஒரு துளி வெப்பமும் கொடுப்பதில்லை. காற்று அடிக்கும்போது அது ஆடிக் குலுங்கும். மெல்லிய ஏடு உடையும். −2, −3 டிகிரியில், காற்றுள்ள இடத்தில், அந்த மட்டுக்குப் பயன். −15இல் பாட்டிலும் பனிக்கட்டிக்குள் சிறைப்பட்டுவிடும், உள்ளே உப்பு நீர் சுகமாக இருக்கும்.

இனி கணக்கு. 200 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 0 வரை குளிரவைக்க அதிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதே நீர் 0 டிகிரியில் முழுக்க உறைய வேண்டுமென்றால் இன்னும் 18.5 யூனிட் போக வேண்டும். அதாவது இயற்கையே உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நீர் உறைவதற்கு நிறைய வெப்பத்தை இழந்தாக வேண்டும். அந்த இழப்பைத் தாமதப்படுத்தினால் போதும், ஓர் இரவைக் கடந்துவிடலாம்.

இழப்பு பெரும்பாலும் மேற்பரப்பு வழியாகத்தான். தெளிந்த வானமும் காற்றும் சேர்ந்தால் தொட்டி வாய் வழியாகவே எல்லாம் போய்விடும். ஆகவே முதல் வேலை மூடி. இரண்டு பலகைகளுக்கு நடுவே கெட்டியான தெர்மாகோல் அட்டையை அடைத்து மூடி செய்யுங்கள். குதிரையின் தலை நுழையும் அளவுக்கு ஒரு பக்கம் மட்டும் திறப்பு விடுங்கள். தொட்டியைச் சுற்றிப் பலகைப் பெட்டி அடித்து, இடைவெளியிலும் அதே அட்டையைத் திணியுங்கள். தெர்மாகோல் வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் தின்றுவிடும், குதிரைக்குப் பொழுதுபோக வேண்டுமே.

அடிப்பக்கத்தை மட்டும் மறைக்க வேண்டாம். தொட்டி நேரடியாக மண்ணில் உட்காரட்டும். அடியில் உள்ள மண் காற்றைவிடச் சூடானது; அந்த வெப்பம் மேலே வரட்டும்.

வெண்பிடரி

இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று புரியவில்லை. ரஷ்யாவின் யாகுத்தியாவில் −50 டிகிரியில் குதிரைகள் திறந்தவெளியில் நிற்கின்றன. அவற்றுக்கு யார் ஹீட்டர் வைக்கிறார்கள்? பனியைத் தின்றே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மங்கோலியக் குதிரைகளும் அப்படித்தான். நாம்தான் கெடுத்து வைத்திருக்கிறோம்.

குளம்பொலி

வெண்பிடரி சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் குதிரைகள் அந்த வாழ்க்கைக்காகவே பல தலைமுறைகளாக உருவானவை: குட்டையான கால்கள், அடர்ந்த ரோமம், இலையுதிர் காலத்திலேயே சேர்த்து வைத்த கொழுப்பு. பனியை விலக்கி அடியில் இருக்கும் புல்லை மேய்கின்றன. புல்லோடு சேர்ந்து பனியும் உள்ளே போகிறது. நம் குதிரைகள் தின்பது உலர்புல். பச்சைப் புல்லில் முக்காற்பங்குக்கு மேல் நீர் இருக்கலாம். உலர்புல்லில் நூற்றுக்கு 15 பங்கு இருந்தாலே அதிகம். ஆக, குளிர்காலத்தில் வாளியிலிருந்து குடிக்க வேண்டிய நீர் கூடத்தான் செய்கிறது.

சராசரியாக 500 கிலோ எடையுள்ள குதிரை உலர்புல் தின்னும் நாளில் 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும். இப்போது பனிக்கு வருவோம். புதிதாக விழுந்த பனியில் பத்துப் பங்கு அளந்தால் ஒரு பங்கு நீர் தேறும். 30 லிட்டர் நீர் வேண்டுமென்றால் 300 லிட்டர் பனியை அது தின்றாக வேண்டும். அதை உருக்கி உடல் வெப்பத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 15 மெகாஜூல் செலவாகும். ஓய்வில் நிற்கும் குதிரைக்கு நாள் முழுவதற்கும் தேவையான ஆற்றலே சுமார் 70 மெகாஜூல்தான். ஐந்தில் ஒரு பங்கைப் பனி உருக்கவே கொடுத்துவிட்டு மிச்சத்தில் உடம்பைக் காக்க வேண்டும். கொழுத்த இளங்குதிரை சமாளிக்கலாம். 24 வயதுக் கிழவனிடம் இந்தச் சோதனையை நடத்தாதீர்கள்.

சேணம், உங்கள் மூத்ததைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நான் கால்நடை மருத்துவர். குளிர் இறங்கிய முதல் வாரங்களில் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெருங்குடல் அடைப்பு முக்கியமானது. நீர் குறைந்தால் உள்ளே இருக்கும் உலர்புல் இறுகிப் பெருங்குடல் வளையும் இடத்தில் கட்டிக்கொள்கிறது. லத்தி எப்படி இருக்கிறது? உருண்டைகள் சிறுத்து, வறண்டு, மேலே சளி படிந்து இருக்கிறதா? ஈறை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்கிறதா?

சேணம்

டாக்டர், ஈறு நன்றாக இருக்கிறது. லத்தி கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கிறது. சளி இல்லை.

குளம்பொலி

அப்படியென்றால் இன்றே தொடங்குங்கள். சர்க்கரை பீட் சக்கையை வெதுவெதுப்பான நீரில் நன்கு ஊறவைத்துக் கூழாகக் கொடுங்கள். தீவனத்தில் ஒரு நாளைக்கு 30 கிராம் தூளுப்பு, இரண்டாகப் பிரித்து. உப்புக்கட்டியை மட்டும் நம்ப வேண்டாம். குளிரில் அதை நக்க மாட்டார்கள். ஆனால் குடிநீர் எளிதாகக் கிடைக்கும் நிலை வந்த பிறகே உப்பு. தாகத்தை ஏற்றிவிட்டுப் பனிக்கட்டியைக் காட்டினால் நிலைமை மோசமாகும். அதன் பற்களையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த பல்லுக்குப் பனி நீர் கூசும். அதனாலேயே குடிக்காமல் நிற்கும் கிழக்குதிரைகள் உண்டு.

பழைய லாயக்காரர்

தம்பி, ஒன்று சொல்கிறேன். குதிரை நாள் முழுக்க மணிக்கொரு முறை குடிப்பதில்லை. தீவனம் தின்னும்போதும் தின்று முடித்த சற்று நேரத்திலும்தான் பெரும்பாலும் குடிக்கும். 24 மணி நேரமும் தொட்டியை உறையாமல் வைக்கப் பாடுபடுகிறோம். அது கிடைத்தால் நல்லதுதான். கிடைக்காத இடத்தில், புல் போடும் நேரத்தில் நல்ல நீர் இருக்கிறதா என்று பார்த்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

மின்சாரம் வருவதற்கு முன்பு எங்கள் லாயத்தில் இப்படித்தான். காலையும் மாலையும் புல் போட்டவுடன் வெந்நீர் கலந்த வாளி போகும். இழுத்துக் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கும். மீதியைக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைப்போம். ரப்பர் வாளியாக வாங்குங்கள். உள்ளே உறைந்தாலும் தலைகீழாக்கி மிதித்தால் பனிக்கட்டி கழன்று விழும். பிளாஸ்டிக் வாளி முதல் வாரத்திலேயே பிளந்துவிடும்.

கோடரியை விட்டுவிடுங்கள். என்றைக்காவது தொட்டியின் அடியும் சேர்ந்து போகும். மரச் சுத்தியலால் தட்டி, உடைந்த துண்டுகளைச் சல்லடைக் கரண்டியால் அள்ளி வெளியே போட வேண்டும். துண்டுகளை நீரிலேயே விட்டால் அவையே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

தச்சுக்கை

பெரியவர் சொன்னதோடு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். 50 டிகிரியில் 20 லிட்டர் வெந்நீரைப் பனிக்கட்டியின் மேல் ஊற்றினால், அது உருக்கக்கூடியது சுமார் 12 கிலோதான். அதற்குள் வெந்நீரும் 0 டிகிரிக்கு வந்துவிடும். ஆகவே பனிக்கட்டியை முதலில் அள்ளி எறியுங்கள்; பிறகு வெந்நீரை ஊற்றுங்கள். அதே 20 லிட்டர், 40 லிட்டர் பனி நீரோடு சேர்ந்தால் மொத்தமும் 16, 17 டிகிரிக்கு வரும்.

கழுதைப்பிரியை

குதிரைக்காரர்களுக்கு நடுவே வருகிறேன், மன்னிக்கவும். என் கழுதைகள் பனி நீரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. செத்தாலும் குடிக்க மாட்டோம் என்கிற பிடிவாதம். வெதுவெதுப்பாகக் கொடுத்தால் மட்டும் மரியாதை. கழுதை வைத்திருப்போர் இந்த இழையைப் படித்தால் வெந்நீர் வாளியைத் தவிர்க்க வழியில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வெண்பிடரி

நீரிலேயே கொஞ்சம் உப்போ வெல்லப்பாகோ கலந்துவிட்டால் உறைநிலை இறங்காதா? ஒரு நண்பர் அப்படித்தான் செய்கிறார்.

தச்சுக்கை

இறங்கும். எவ்வளவு என்று பாருங்கள்: கடல்நீரில் 3.5 விழுக்காடு உப்பு இருக்கிறது, அது −1.9 டிகிரியில் உறைந்துவிடுகிறது. கடல்நீரைக் குடிக்கவைத்தும் இரண்டு டிகிரிகூடத் தேறவில்லை.

குளம்பொலி

பாகு கலந்த நீரைச் சில குதிரைகள் விரும்பிக் குடிக்கும், அது வேறு விஷயம். உறைவதைத் தடுக்க அது உதவாது. இதைப் படிக்கும் யாருக்காவது கார் ரேடியேட்டரில் ஊற்றும் உறைதடுப்பு நினைவுக்கு வந்தால் அந்த நினைவை அங்கேயே விட்டுவிடுங்கள். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், சிறுநீரகத்தை அழிக்கும். டப்பாவைக்கூடத் தொட்டியின் அருகே வைக்க வேண்டாம்.

மின்கம்பி

லாயத்துத் தொட்டிக்கு மின்சாரம் இருக்கும்போது ஏன் தயக்கம்? தெர்மோஸ்டாட் வைத்த தொட்டி ஹீட்டர் வாங்குங்கள். 1000 முதல் 1500 வாட் வரை கிடைக்கும். நீர் 2, 3 டிகிரிக்கு இறங்கும்போது தானே ஓடத் தொடங்கும், கொஞ்சம் ஏறியதும் நின்றுவிடும். 1500 வாட் ஹீட்டர் நிற்காமல் ஓடினால் நாளொன்றுக்கு 36 யூனிட். ஆனால் தச்சுக்கை சொன்ன மூடியும் பெட்டியும் இருந்தால் அதில் சிறு பங்குதான் ஓடும். மூடி இல்லாமல் ஹீட்டர் வைப்பது வானத்தைச் சூடாக்கும் வேலை.

பிளாஸ்டிக் தொட்டி என்றால் கம்பிக்கூண்டு உள்ள ஹீட்டர்தான். சுருள் பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது. வயரை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள், இல்லாவிட்டால் கடித்துவிடும். நீட்டிப்பு வயர் வேண்டாம். லாயத் தீயில் பல அதிலிருந்து தொடங்கியவைதான். இணைப்பில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) கட்டாயம்.

சேணம்

எல்லோருக்கும் நன்றி. மூடியும் பெட்டியும் அடித்தாகிவிட்டது. லாயத்துத் தொட்டிக்கு 1500 வாட் மிதவை ஹீட்டரும் வந்துவிட்டது. நீர் 6 டிகிரியில் நிற்கிறது, ஒரு பொட்டுப் பனிக்கட்டி இல்லை.

ஆனால் குதிரைகள் குடிக்க மறுக்கின்றன! வருகின்றன, முகர்கின்றன, உதட்டை வைக்கின்றன, சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுக்கின்றன. பிறகு மேய்ச்சல் வெளியின் மறுகோடிக்கு நடந்துபோய் அங்கே பனி மிதக்கும் நீரைக் குடிக்கின்றன. வெதுவெதுப்பு பிடிக்கவில்லையா?

வெண்பிடரி

நான் சொன்னேன் அல்லவா?

குளம்பொலி

வெண்பிடரிக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1990களில் மட்டக்குதிரைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். குளிர்காலத்தில் பனி நீர் மட்டும் கொடுத்ததைவிட, சூடேற்றிய நீர் மட்டும் கொடுத்தபோது ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாகக் குடித்தன. பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பனி நீர் பக்கமே போயின! ஆகவே வெந்நீர் கொடுக்கிறோம் என்றால் பக்கத்தில் பனி நீரை வைத்து ஆசை காட்டக் கூடாது.

ஆனால் சேணம், நீங்கள் சொன்ன அடையாளம் வேறு. பிடிக்காத குதிரை மெதுவாக விலகிப் போகும். உதடு பட்டதும் தலையை உதறுவது வலி.

மின்கம்பி

ஹீட்டரை உடனே அணையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். கையை நீருக்குள் விட்டுச் சோதிக்க வேண்டாம். நீங்கள் ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பீர்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாமல் போகலாம். அல்லது தெரியக் கூடாத அளவுக்குத் தெரியலாம்.

ஒரு மல்டிமீட்டரை மாறுமின் வோல்ட்டில் வையுங்கள். தொட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு நீண்ட இரும்புக் கம்பியை ஈர மண்ணில் அடியுங்கள். மீட்டரின் ஒரு முனையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள், மறுமுனையை நீருக்குள் தொங்கவிடுங்கள். விலகி நின்றுகொண்டு பிளக்கைப் போட்டு எண்ணைப் பாருங்கள்.

சேணம்

பிளக் இருக்கும்போது 7 வோல்ட். பிடுங்கினால் சுழி. ஆர்சிசிபி ஏன் விழவில்லை?

மின்கம்பி

நல்ல கேள்வி. பிளாஸ்டிக் தொட்டி மின்சாரத்தைக் கடத்தாது. ஹீட்டரின் உறையில் எங்கோ கீறல் விழுந்து மின்சாரம் நீருக்குள் வந்துவிட்டது. ஆனால் நீரிலிருந்து நிலத்துக்குப் போக வழி இல்லை. வழி இல்லாவிட்டால் ஓட்டம் இல்லை, ஓட்டம் இல்லாவிட்டால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. குதிரை வாய் வைக்கும்போதுதான் வழி திறக்கிறது: ஈரமான உதடு, உடம்பு, இரும்பு லாடம், நனைந்த மண். ஓடுவது சில மில்லியாம்பியர்தான், 30ஐ எட்டாது, சாதனம் அசையாது. குதிரைக்கு மட்டும் சுருக்கென்று இருக்கும்.

ஹீட்டரில் எர்த் சரியாக இணைந்திருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே போய் ஆர்சிசிபி எப்போதோ விழுந்திருக்கும். ஆகவே பழுது இரண்டு இடத்தில்: ஹீட்டரில் ஒன்று, பிளக் இருக்கும் பெட்டியில் ஒன்று. உரிமம் உள்ள மின்பணியாளரை அழைத்து அந்தப் பெட்டியின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சேணம்

மின்பணியாளர் வந்து பார்த்தார். நீங்கள் சொன்னபடியே. பெட்டிக்குள் எர்த் வயர் முனையிலேயே அரித்துப்போய்த் தனியாகத் தொங்கியது. சரிசெய்துவிட்டுப் பழைய ஹீட்டரை ஒருமுறை போட்டுப் பார்த்தார். ஆர்சிசிபி அந்தக் கணமே விழுந்தது. ஹீட்டரை மாற்றியாகிவிட்டது. இப்போது மீட்டரில் எதுவும் காட்டவில்லை.

மூத்ததும் சின்னதும் குடிக்கத் தொடங்கிவிட்டன. நடுக்குதிரை மட்டும் தொட்டிக்கு அருகே வரவே அஞ்சுகிறது.

பழைய லாயக்காரர்

அவளை இழுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டாம். தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி ரப்பர் வாளியில் நீர் வையுங்கள். குடிக்கிறாளா? அடுத்த நாள் வாளியைச் சற்று நெருக்குங்கள். பிறகு தொட்டியின் விளிம்பை ஒட்டி. மற்ற இரண்டும் குடிப்பதை அவள் பார்த்துக்கொண்டேதான் இருப்பாள். எல்லாக் குதிரைக்கும் பொறுமை வேண்டும், சுருக்கு வாங்கிய குதிரைக்கு இரட்டிப்பாக வேண்டும்.

தொட்டியைச் சுற்றித் தரை எப்படி இருக்கிறது? சிந்திய நீர் உறைந்தால் அதுவே சறுக்கு மேடை. மணலோ சாம்பலோ தூவுங்கள். உப்பு தூவாதீர்கள், நக்கிக்கொண்டே நிற்கும்.

சேணம்

நன்றி ஐயா, மணல் போட்டுவிட்டேன். கடைசியாக, மேய்ச்சல் வெளித் தொட்டி. மூடியும் பெட்டியும் போட்ட பிறகு −8 வரை தாங்குகிறது, அதற்குக் கீழே உறைகிறது. சூரியத் தகடு வைத்து ஹீட்டர் ஓட்டலாமா? மண்ணின் வெப்பத்தில் இயங்கும் தொட்டிகள் என்று விளம்பரம் பார்த்தேன், அவை எப்படி? லத்தியைச் சுற்றிலும் குவித்தால் சூடு வரும் என்றும் சொல்கிறார்கள்.

மின்கம்பி

சூரியத் தகடு வேண்டாம். உங்களுக்கு வெப்பம் தேவைப்படுவது நீண்ட இரவில். தகடு வேலை செய்வது குறுகிய பகலில். 1500 வாட்டை இரவு முழுக்கத் தாங்கும் மின்கலம் தொட்டியைவிடப் பெரிதாக இருக்கும்.

தச்சுக்கை

மண்வெப்பத் தொட்டி நல்ல யோசனைதான், ஆனால் உங்களுக்கு இல்லை. உறைபனி இறங்கும் ஆழத்துக்கும் கீழே வரை குழாய் இறக்கி, அங்கிருந்து வரும் வெப்பத்தாலும், குடிக்கக் குடிக்கக் கீழிருந்து ஏறும் புதிய நீராலும் அது உறையாமல் இருக்கிறது. மந்தை பெரிதாக இருந்து ஓயாமல் குடித்தால்தான் நீர் புதுப்பிக்கும். மூன்று குதிரை போதாது. தவிர, அங்கே குழாயே இல்லை என்றீர்கள்.

லத்திக் குவியல் உண்மையிலேயே சூடாகும், நடுவில் 50, 60 டிகிரி வரை போகும். ஆனால் குவியல் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். பெட்டி இடுக்கில் அடைத்த லத்தி கொஞ்ச நாளில் அடங்கிவிடும், பிறகு அது வெறும் போர்வை. தெர்மாகோல் அதைவிடச் சுத்தம்.

குளம்பொலி

நான் கேட்க நினைப்பது இதுதான்: அந்தத் தொட்டி கடுங்குளிரில் வேண்டுமா? லாயத்தில் இப்போது நல்ல நீர் இருக்கிறது. −8க்குக் கீழே போகும் நாள்களில் மறுகோடித் தொட்டியைக் காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். பனி நீர் கண்ணில் படாவிட்டால் வெதுவெதுப்பானதைக் குடிப்பார்கள். புல்லையும் லாயத்தருகே போடுங்கள். தொட்டியின் உட்சுவரில் லிட்டர் கோடுகள் வரைந்து, எவ்வளவு இறங்குகிறது என்று தினமும் பாருங்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு நாளில் 75 லிட்டருக்குக் குறைந்தால் எனக்கு எழுதுங்கள். மூத்ததின் லத்தி?

சேணம்

இளகிவிட்டது டாக்டர். கூழுக்காகக் காலையில் கதவைத் தட்டுகிறது. மறுகோடித் தொட்டியை இன்று கவிழ்த்துவிடுகிறேன்.

லாயத்துக் குழாய் உறையாத வகையைச் சேர்ந்தது. தொட்டியை நிரப்ப அதில் ரப்பர் குழாயை மாட்டி வைத்திருக்கிறேன். அப்படியே விடலாமா?

பழைய லாயக்காரர்

ஒவ்வொரு முறையும் கழற்றுங்கள். அந்தக் குழாயின் அடைப்பான் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மூடியதும் மேலே நிற்கும் நீர் கீழே இறங்கி ஜல்லிக்குள் வடிய வேண்டும். ரப்பர் குழாய் மாட்டியிருந்தால் காற்று நுழையாது, நீர் இறங்காது, குழாய்த் தண்டிலேயே உறைந்து வெடிக்கும். கழற்றிய ரப்பர் குழாயைச் சரிவில் நீட்டி நீரை வடித்துவிட்டு, உள்ளே கொண்டுபோய்ச் சுருட்டி வையுங்கள்.

மின்கம்பி

ஆர்சிசிபியில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். விழுந்த பிறகு மறுபடி மேலே தள்ளி வைக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் இரவில் ஹீட்டர் ஓடாது.